தொலைவழியில் மோட்டார் வண்டியின் மின்னூட்டப் பழுதைக் கண்டறிதல்

இமாசலப் பிரதேசத்தில் சந்திரா, பாகா என்னும் இரு ஆறுகள் கூடும் இடத்தில் தாண்டி என்னும் சிற்றூர் உள்ளது. மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் மலைப்பாதை இவ்வூர் வழியாகச் செல்கின்றது. அடுத்த எரிபொருள் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது என்று வழிச் செல்வோரை எச்சரிக்கும் பலகை ஒன்று இங்குள்ள எரிபொருள் நிலையத்தில் நெடுங்காலம் நின்றது. அப்பலகையைக் கண்டவர்கள் எரிபொருள் கலத்தை நிரப்பிக்கொள்ள மறக்கமாட்டார்கள். ஆனால் வண்டிக்கு இன்றியமையாத மற்றொரு பொருளும் உண்டு. அது மின்சாரம். அதனை நிரப்பும் நிலையம் வழியில் எங்கும் இல்லை. வண்டி அதனைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டும். அவ்வாறு ஆக்கும் உறுப்புகள் பழுதுற்றால், எரிபொருள் நிறைய இருந்தும் வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

நில அளவை, மண் ஆய்வு, தாவரச் சேகரிப்பு, நீரியல் ஆய்வு முதலிய பணிகளுக்காகத் தொலைவான இடங்களுக்குச் செல்லும் களப் பணியாளர்களுக்கு இது வெறும் இடையூறு மட்டுமன்று. பாராலாச்சா கணவாய் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 4,890 மீட்டர் உயரத்தில் உள்ளது. அத்தகைய இடத்தில் மாலைப் பொழுதில் வண்டி நின்றுபோனால், அதிலிருப்போர் குளிரிலும் காற்றுக் குறைவிலும் இரவைக் கழிக்க நேரிடும். பழுது இன்னதென்று ஒரு மணி நேரத்திற்குள் அறிந்துகொண்டால், திருத்திக்கொண்டு மேலே செல்வதா, திரும்பி வருவதா, இருக்குமிடத்திலேயே தங்குவதா என்று பகலிலேயே முடிவு செய்யலாம். அங்ஙனம் அறியும் முறையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும். இதற்கு வேண்டிய கருவி ஒரு சிறிய மல்டிமீட்டர். வேண்டிய அறிவு ஓமின் விதி.

உறுப்புகளும் அவற்றின் தொழிலும்

வண்டியின் மின்சார அமைப்பில் முதன்மையான உறுப்புகள் இரண்டு. ஒன்று பாட்டரி எனப்படும் சேமக்கலம். மற்றொன்று ஆல்டர்னேட்டர் எனப்படும் மின்னாக்கி. இவ்விரண்டின் தொழிலையும் வேறு பிரித்து அறிவது பழுதறிதலின் முதற்படியாகும்.

காரீயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட சேமக்கலத்தை 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிளாந்தே அமைத்தார். இன்றைய வண்டிகளிலுள்ள 12 வோல்ட் பாட்டரியும் அதே தத்துவத்தில்தான் இயங்குகின்றது. அதில் ஆறு அறைகள் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. முழு மின்னூட்டம் பெற்ற ஓர் அறையின் மின்னழுத்தம் ஏறத்தாழ 2.1 வோல்ட் ஆதலால், ஆறும் சேர்ந்து 12.6 அல்லது 12.7 வோல்ட் தரும். பாட்டரி மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பண்டகசாலையே அன்றி, அதனை விளைவிக்கும் வயல் அன்று. எஞ்சினைத் துவக்குவதற்கு வேண்டிய 150 முதல் 300 ஆம்பியர் வரையிலான பெரும் மின்னோட்டத்தைச் சில விநாடிகளுக்கு அளிப்பதே அதன் தலையாய பணி.

எஞ்சின் ஓடத் தொடங்கியபின் விளக்கு, விசிறி, எரிபொருள் செலுத்தும் கருவி ஆகிய எல்லாவற்றிற்கும் மின்சாரம் அளித்து, பாட்டரி இழந்ததையும் திருப்பித் தரவேண்டியது ஆல்டர்னேட்டர். காந்தப்புலம் மாறும்போது கம்பிச் சுருளில் மின்சாரம் தூண்டப்படும் என்பதை 1831ஆம் ஆண்டில் ஃபாரடே கண்டறிந்தார். ஆல்டர்னேட்டரில் சுழலும் பகுதி ஒரு மின்காந்தம். அதன் சுருளுக்கு இரண்டு கார்பன் பிரஷ்கள் வழியாகச் சிறு மின்னோட்டம் செல்கின்றது. அதனைச் சூழ்ந்து அசையாது நிற்கும் மூன்று சுருள் தொகுதிகளில் மாறுதிசை மின்சாரம் பிறக்கின்றது. டயோடுகள் அதனை ஒருதிசை மின்சாரமாக்குகின்றன. எஞ்சினின் வேகம் கூடினாலும் குறைந்தாலும் மின்னழுத்தம் ஓர் அளவில் நிற்குமாறு, காந்தச் சுருளுக்குச் செல்லும் மின்னோட்டத்தை ரெகுலேட்டர் கூட்டியும் குறைத்தும் வருகின்றது.

முற்காலத்து வண்டிகளில் டைனமோ இருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது போதிய மின்சாரம் தராது. சிலிக்கன் டயோடுகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னர், 1960ஆம் ஆண்டு முதல் ஆல்டர்னேட்டர் படிப்படியாக அதன் இடத்தைப் பிடித்தது. எனினும் டைனமோ காலத்துப் பழக்கங்கள் சில பட்டறைகளில் இன்றும் நிலவுகின்றன. அவற்றால் விளையும் தீங்கைப் பின்னர்க் காண்போம்.

எச்சரிக்கை விளக்கு கூறுவது

முகப்புப் பலகையில் பாட்டரி வடிவில் எரியும் சிவப்பு விளக்கைப் பலர் பாட்டரியின் நிலையைக் காட்டும் விளக்கு என்று கருதுகின்றனர். உண்மையில் அது மின்னூட்டத்தின் நிலையைக் காட்டுவது. பல வண்டிகளில் இவ்விளக்கின் ஒருபுறம் சாவி வழியாகப் பாட்டரியோடும், மறுபுறம் ஆல்டர்னேட்டரோடும் இணைந்திருக்கும். இருபுறமும் மின்னழுத்தம் சமமாயின் விளக்கு எரியாது. வேறுபாடு இருப்பின் எரியும். இதனை நினைவில் கொண்டால் பின்வரும் நான்கு நிலைகளும் எளிதில் விளங்கும்.

சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைந்தால் அமைப்பு பெரும்பாலும் நலமே. எஞ்சின் ஓடும்போதும் விளக்கு முழு ஒளியுடன் எரிந்தால் ஆல்டர்னேட்டர் மின்சாரம் ஆக்கவில்லை. மங்கலாக எரிந்தால் இருபுறமும் மின்சாரம் உள்ளது, ஆயினும் சமமாக இல்லை. கம்பி இணைப்பில் தடை ஏற்பட்டிருக்கலாம், அல்லது டயோடு பழுதாகியிருக்கலாம். சாவியைத் திருப்பியும் விளக்கு எரியவே இல்லையெனில் விளக்கோ அதன் கம்பியோ அறுந்திருக்கலாம். இந்நான்காம் நிலையைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் பல வண்டிகளில் காந்தச் சுருளுக்கு முதல் மின்னோட்டம் இவ்விளக்கின் வழியாகவே செல்வதால், விளக்கு கெட்டால் ஆல்டர்னேட்டர் விழித்தெழாமலே போகலாம்.

ஆகவே ஒவ்வொரு நாள் காலையிலும் எஞ்சினைத் துவக்குவதற்கு முன் சாவியை ஒரு நிலை திருப்பி, இவ்விளக்கு எரிகின்றதா என்று பார்ப்பது நல்ல பழக்கமாகும்.

கண்ணாலும் கையாலும் அறிதல்

விளக்கு எச்சரித்தவுடன் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, முதலில் பெல்ட்டைப் பார்க்கவேண்டும். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரையும் குளிர்நீர் பம்பையும் ஒரே பெல்ட் சுழற்றுகின்றது. அது அறுந்திருப்பின் மின்னூட்டம் நிற்பதோடு எஞ்சினைக் குளிர்விக்கும் நீரோட்டமும் நின்றுவிடும். அந்நிலையில் சில கிலோமீட்டர் ஓட்டினாலும் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறிக் கெட்டுப்போகும். எனவே பெல்ட் அறுந்த வண்டியை, பம்பு எதனால் சுழல்கின்றது என்று அறியாமல், ஓரடியும் ஓட்டக்கூடாது.

பெல்ட் இருந்தும் தளர்ந்திருக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, இரு உருளைகளுக்கு இடையே பெல்ட்டின் நடுப்பகுதியைப் பெருவிரலால் அழுத்தினால், பழைய முறை வண்டிகளில் அது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தாழவேண்டும். அதைவிட மிகுதியாகத் தாழ்ந்தாலும், பெல்ட்டின் உட்புறம் கண்ணாடிபோல் பளபளத்தாலும், விளக்கு போட்டவுடன் கீச்சென்ற ஒலி எழுந்தாலும் பெல்ட் வழுக்குகின்றது என்பது பொருள். தானாக இறுக்கம் காக்கும் உருளையுள்ள புதிய வண்டிகளில் அவ்வுருளையின் வில் தளர்ந்துள்ளதா என்று பார்த்தால் போதும். பனி உருகி ஓடும் நீர் பல இடங்களில் சாலையின் குறுக்கே பாய்வது மலைப்பாதைகளின் இயல்பு. அதனைக் கடந்தபின் நனைந்த பெல்ட் சிறிது நேரம் வழுக்குவது உண்டு. உலர்ந்ததும் அது சரியாகிவிடும்.

அடுத்து, பாட்டரி முனைகளைக் கையால் அசைத்துப் பார்க்கவேண்டும். முனை சிறிதும் அசையக்கூடாது. வெண்மையாகவோ பசுமையாகவோ பொடி பூத்திருந்தால் அது மின்னோட்டத்தைத் தடுக்கும். கரடுமுரடான சாலையில் நெடுநேரம் அதிர்ந்த வண்டியில், பாட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்கும் எஞ்சினுக்கும் செல்லும் கம்பிகள் தளர்ந்திருப்பது மிகச் சாதாரணம். ஆல்டர்னேட்டரின் பின்புறமுள்ள தடித்த கம்பியின் நட்டு, அக்கம்பியில் அமைந்த பெரிய ஃபியூஸ் ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று அளவுகள்

கண்ணுக்குப் புலனாகும் குறை ஒன்றும் இல்லையாயின், மல்டிமீட்டரை ஒருதிசை வோல்ட் 20 என்னும் அளவில் வைத்து, பாட்டரியின் இரு முனைகளிலும் மூன்று முறை அளக்கவேண்டும்.

முதல் அளவு எஞ்சின் ஓடாதபோது. இப்போதுதான் ஓடி நின்ற வண்டியாயின், முகப்பு விளக்குகளை ஓரிரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சிறிது பொறுத்து அளக்கவேண்டும்; இன்றேல் தகடுகளின் மேற்பரப்பில் தங்கிய மின்னூட்டம் பொய்யான உயர்வைக் காட்டும். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் பாட்டரி நிறைந்துள்ளது. 12.4 முக்கால் பங்கு, 12.2 அரைப் பங்கு, 12.0 கால் பங்கு, 11.9க்குக் கீழ் ஏறத்தாழ வெறுமை. முழுமைக்கும் வெறுமைக்கும் இடையே ஒரு வோல்ட் வேறுபாடுகூட இல்லை என்பதை உணர்ந்தால், பத்தில் ஒரு வோல்ட்டையும் கருத்துடன் படிக்கவேண்டியதன் காரணம் விளங்கும்.

இரண்டாம் அளவு எஞ்சினைச் சற்று வேகமாக, நிமிடத்திற்கு 1,500 சுற்றுப் போல் ஓடவிட்டு, விளக்கு முதலியவற்றை அணைத்த நிலையில் எடுக்கவேண்டும். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருத்தல் நன்று. முதல் அளவை விட உயரவே இல்லையாயின் மின்னூட்டம் நடைபெறவில்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பாட்டரி கொதிக்கும், விளக்குகள் எரிந்துபோகும்.

மூன்றாம் அளவு அதே வேகத்தில், முகப்பு விளக்குகளையும் காற்று விசிறியையும் இயக்கிய நிலையில் எடுக்கவேண்டும். நலமான அமைப்பில் மின்னழுத்தம் சிறிதளவே தாழ்ந்து 13.5 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பளு ஏற்றாதபோது நன்றாக இருந்து, பளு ஏற்றியதும் பெரிதும் தாழ்ந்தால் பெல்ட் வழுக்குதல், இணைப்பில் தடை, டயோடு பழுது ஆகிய மூன்றில் ஒன்று காரணமாகலாம்.

அண்மைக் காலத்து வண்டிகள் சிலவற்றில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியே மின்னூட்டத்தை நெறிப்படுத்துகின்றது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, பாட்டரி நிறைந்துள்ளபோது அது மின்னழுத்தத்தை வேண்டுமென்றே தாழ்த்தி வைக்கும். எனவே அத்தகைய வண்டியில் ஓர் அளவை மட்டும் கண்டு முடிவுக்கு வரலாகாது. பளு ஏற்றியபின் மின்னழுத்தம் உயர்கின்றதா என்று சில நிமிடம் பார்த்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஓர் ஆய்வுக் குழுவினர் கேலாங்கிலிருந்து புறப்பட்டு, பாராலாச்சா கணவாயைக் கடந்து, ஏறத்தாழ 105 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சர்ச்சு என்னும் இடத்தைப் பிற்பகலில் அடைகின்றனர் என்று கொள்வோம். எச்சரிக்கை விளக்கு மங்கலாக எரிகின்றது. அடுத்த தங்குமிடமான பாங் இன்னும் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அவர்கள் எடுத்த மூன்று அளவுகள் முறையே 12.4, 12.9, 12.1 வோல்ட்.

ஓட்டுநர் ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்கிறார். உடன் வந்தவர் பாட்டரி பழசு என்கிறார். இரண்டும் ஊகமே. முற்றிலும் கெட்ட ஆல்டர்னேட்டராயின் இரண்டாம் அளவு 12.4ஐ விட உயர்ந்திராது. பாட்டரி ஒன்றே குற்றவாளியாயின் எச்சரிக்கை விளக்கு எரியவேண்டியதில்லை. ஆகவே அவர்கள் நான்காவதாக ஓர் அளவு எடுக்கின்றனர். பளு ஏற்றிய அதே நிலையில், மல்டிமீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பி முனையிலும், கறுப்பு முனையை அதன் உடலிலும் வைக்கின்றனர். 14.3 வோல்ட் காட்டுகின்றது.

பழுதின் இடம் இப்போது வெளிப்பட்டுவிட்டது. ஆல்டர்னேட்டர் 14.3 வோல்ட் ஆக்குகின்றது; பாட்டரியை அடைவது 12.1 மட்டுமே. எஞ்சிய 2.2 வோல்ட் வழியிலேயே தொலைகின்றது. அக்கம்பியில் 20 ஆம்பியர் செல்கின்றது என்று கொண்டால், ஓமின் விதிப்படி வழியிலுள்ள தடை 2.2 ÷ 20 = 0.11 ஓம். ஓர் ஓமில் ஒன்பதில் ஒரு பங்கு! ஆயினும் அச்சிறு தடையில் 2.2 × 20 = 44 வாட் வெப்பமாக வீணாகின்றது. கையை அருகில் கொண்டுசென்றாலே அவ்விணைப்பின் சூடு தெரியும். விளக்கு ஏன் மங்கலாக எரிந்தது என்பதும் விளங்குகின்றது. அதன் ஒருபுறம் 14.3, மறுபுறம் 12.1, இடையிலுள்ள 2.2 வோல்ட் அதனை மங்கலாக எரியச் செய்தது.

பளு இல்லாதபோது மின்னழுத்தம் 12.9 ஆக இருந்ததன் காரணமும் இதுவே. ஒரு தடையில் இழக்கப்படும் மின்னழுத்தம் அதன் வழியே செல்லும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் குறைந்தால் இழப்பும் குறையும். மின்னோட்டமே இல்லாதபோது இழப்பும் இல்லை. ஆதலால் இத்தகைய பழுது பகலில் ஒளிந்திருந்து, விளக்கெரியும் இரவில் வெளிப்படும். பளு ஏற்றாமல் இணைப்பைச் சோதிப்பது பயனற்றது என்பதை இதனால் அறிக.

இழப்பு நேர்ப்புறக் கம்பியிலா, எதிர்ப்புறத்திலா என்று அறிய, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த முனையிலும் மற்றொன்றைப் பாட்டரியின் நேர் முனையிலும் வைக்கவேண்டும். 0.2 முதல் 0.5 வோல்ட் வரை ஏற்கத்தக்கது. பின்னர் ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பாட்டரியின் எதிர் முனைக்கும் இடையே அளக்கவேண்டும், இங்கு 0.2 வோல்ட்டுக்கு மேல் இருத்தல் ஆகாது.

குழுவினர் எஞ்சினை நிறுத்தி, பாட்டரியின் எதிர் முனையைக் கழற்றி வைத்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்புற நட்டைக் கழற்றுகின்றனர். வளையம் கறுத்துப்போயிருக்கின்றது. அதனை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, நட்டை இறுக முடுக்கி, எதிர் முனையை மீண்டும் பூட்டி அளக்கின்றனர். பளுவுடன் ஆல்டர்னேட்டரில் 14.3, பாட்டரியில் 14.0. செலவு ஒரு துண்டு உப்புத்தாள். ஊகத்தை நம்பியிருந்தால் ஒரு நல்ல ஆல்டர்னேட்டரையோ நல்ல பாட்டரியையோ மாற்றியும் பழுது தீர்ந்திராது.

குறை ஆல்டர்னேட்டரிலேயே இருப்பின்

ஆல்டர்னேட்டரின் முனையிலேயே மின்னழுத்தம் உயரவில்லையாயின், சுழலும் காந்தம் காந்தமாகின்றதா என்று பார்க்கவேண்டும். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, இரும்புத் திருப்புளியின் முனையை ஆல்டர்னேட்டரின் பின்புறத் தாங்கியருகே கொண்டுசென்றால், பல வண்டிகளில் மெல்லிய ஈர்ப்புத் தெரியும். ஈர்ப்பு இருந்தால் பிரஷ்களும் காந்தச் சுருளும் வேலை செய்கின்றன. குறை டயோடுகளிலோ வெளிச் சுருளிலோ இருக்கலாம். ஈர்ப்பு இல்லையாயின் ஃபியூஸ், எச்சரிக்கை விளக்கின் கம்பி, பிரஷ், ரெகுலேட்டர் ஆகியவற்றை ஐயுறவேண்டும். எஞ்சின் ஓடும்போது இச்சோதனையைச் செய்தல் கூடாது.

நெடுந்தூரம் ஓடிய வண்டிகளில் பிரஷ் தேய்ந்து குறுகுவது இயல்பு. புழுதி படிந்து அது தன் கூட்டில் சிக்கிக்கொள்வதும் உண்டு. ஆல்டர்னேட்டரின் உடலை மரத்துண்டினால் மெல்லத் தட்டும்போது மின்னழுத்தம் உயர்ந்து, சிறிது நேரத்தில் மீண்டும் தாழ்ந்தால், பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் துணியலாம். இத்தட்டல் ஊரை அடையும்வரை உதவக்கூடும். அதனை நிலையான மருந்தாகக் கொள்ளலாகாது.

டயோடு பழுதை அறிய, மல்டிமீட்டரை மாறுதிசை வோல்ட் அளவில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் அளக்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஒருதிசையாக்கப்படாத மின்சாரம் கசிகின்றது. கசியும் டயோடு இரவில் பாட்டரியை வெறுமையாக்கவும் கூடும். இரவு முழுவதும் குளிரில் நின்ற வண்டியின் ஆல்டர்னேட்டர் காலையில் இளஞ்சூடாக இருப்பின், டயோடு வழியே மின்சாரம் திரும்பி ஓடியது என்பதற்கு அதுவே சான்று.

எஞ்சியுள்ள மின்சாரத்தின் கணக்கு

பழுதை வழியில் திருத்த இயலாதெனில், பாட்டரியில் உள்ளதைக் கொண்டு எவ்வளவு தூரம் செல்லலாம் என்று கணக்கிடவேண்டும். மேற்கூறிய வண்டியில் 60 ஆம்பியர்-மணிப் பாட்டரி உள்ளது என்றும், ஆல்டர்னேட்டர் முற்றிலும் செயலற்றுவிட்டது என்றும் கொள்வோம். 12.4 வோல்ட் முக்கால் பங்கைக் குறிப்பதால், இருப்பு 45 ஆம்பியர்-மணி. இதனைக் கடைசிவரை பயன்படுத்த முடியாது. மின்னழுத்தம் தாழ்ந்ததும் எஞ்சினின் மின்னணுப் பெட்டி செயலற்றுவிடும். எனவே 30 என்று கொள்வது தகும். பாட்டரியின் முதுமைக்கும் குளிருக்குமாக மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் எஞ்சுவது 20 ஆம்பியர்-மணி.

எஞ்சின் ஓடுவதற்கு மட்டும் 8 ஆம்பியர் வேண்டும் என்று கொள்வோம். 20 ÷ 8 = 2.5 மணி. மலைப்பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் செல்லலாம். இரவாயின் முகப்பு விளக்குகளுக்கு 9, பின் விளக்குகளுக்கு 1, காற்று விசிறிக்கு 10, ஆக மொத்தம் 28 ஆம்பியர். 20 ÷ 28 என்பது 43 நிமிடம். தூரம் 18 கிலோமீட்டர். ஒரே பாட்டரி, ஒரே சாலை. பகலில் 60, இரவில் 18. மின்னூட்டம் நின்ற வண்டிக்குப் பகல் வெளிச்சமே பெருஞ்செல்வம் என்பதை இக்கணக்கு காட்டுகின்றது. சர்ச்சுவிலிருந்து முன்னும் பின்னும் உள்ள ஊர்கள் 60 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், இந்நிலையில் புறப்படாமல் அங்கேயே தங்கி, அவ்வழி வரும் வண்டிகளின் உதவியை நாடுவதே அறிவுடைமை என்பதும் தெளிவாகின்றது.

எஞ்சினை அடிக்கடி நிறுத்தித் துவக்குவது பாட்டரியை வெறுமையாக்கிவிடும் என்று சொல்வதுண்டு. 200 ஆம்பியர் 5 விநாடி செலவானால் அது 0.28 ஆம்பியர்-மணி மட்டுமே. எஞ்சின் இரண்டு நிமிடம் ஓடும் செலவு. இடர் வேறிடத்தில் உள்ளது. தளர்ந்த பாட்டரியின் மின்னழுத்தம் அப்பெரும் மின்னோட்டத்தின்போது சட்டென்று தாழ்ந்துவிடும். எஞ்சின் மீண்டும் பிடிக்காது. ஆதலால் பாட்டரி நிறைந்துள்ளபோது நிறுத்தலாம். தளர்ந்தபின் இலக்கை அடையும்வரை நிறுத்தலாகாது. ஆல்டர்னேட்டர் செயலற்ற நிலையில், எஞ்சினை ஓடவிட்டால் பாட்டரி நிறையும் என்று நினைப்பதும் தவறு. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அது குறைந்துகொண்டேயிருக்கும்.

குளிர்ப் பகுதிகளில் மற்றொன்றையும் எண்ணவேண்டும். முழு மின்னூட்டம் பெற்ற பாட்டரியின் அமிலம் செறிந்திருப்பதால் அது எளிதில் உறையாது. வெறுமையான பாட்டரியில் அது நீர்த்துப்போய், நீரின் உறைநிலைக்குச் சில பாகை கீழேயே உறைந்துவிடும். பாட்டரியின் கூடும் வெடிக்கலாம். உறைந்த பாட்டரிக்கு மின்னூட்டம் தருதல் ஆபத்து.

செய்யத்தகாதவை

எஞ்சின் ஓடும்போது பாட்டரியின் முனையைக் கழற்றி, எஞ்சின் நிற்கின்றதா என்று பார்க்கும் வழக்கம் டைனமோ காலத்தில் இருந்தது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இதனை ஒருபோதும் செய்யலாகாது. பாட்டரி என்னும் தாங்கி நீங்கியதும் மின்னழுத்தம் ஒரு நொடியில் பன்மடங்கு உயர்ந்து, டயோடுகளையும் ரெகுலேட்டரையும் எஞ்சினின் மின்னணுப் பெட்டியையும் அழித்துவிடக்கூடும். ஒரு பழுதைத் தேடப்போய் மூன்றை உண்டாக்குவது நகைப்பிற்குரியது. அதுவும் மக்கள் நடமாட்டமற்ற இடத்தில் துன்பத்திற்கும் உரியது.

பாட்டரி முனைகளில் தீப்பொறி எழுப்பிச் சோதித்தலும் கூடாது. மின்னூட்டத்தின்போது வெளிப்படும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றி வெடிக்கும். மற்றொரு வண்டியிலிருந்து மின்சாரம் பெறும்போது, நேர் முனையை நேர் முனையோடு முதலில் இணைத்து, எதிர்க் கம்பியின் கடைசி முனையைத் தளர்ந்த வண்டியின் எஞ்சின் உடலில், பாட்டரியிலிருந்து விலகிய இடத்தில் பூட்டவேண்டும். முனைகளைக் கழற்றும்போது எதிர் முனையை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் கொள்வது முறை.

பயணத்திற்கு முன்

தொலைவழி செல்லும் வண்டியில் ஒரு மல்டிமீட்டர், அளவொத்த பெல்ட் ஒன்று, உரிய ஃபியூஸ்கள், 10 முதல் 17 வரையிலான ஸ்பானர்கள், உப்புத்தாள், ஒரு மீட்டர் தடித்த கம்பி, இணைப்புக் கம்பிகள் ஆகியவை இருத்தல் வேண்டும். புறப்படுவதற்கு முதல் நாள் மூன்று அளவுகளையும் எடுத்துக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் அதனினும் நன்று. நலமாக இருந்தபோது எடுத்த அளவு கையில் இருந்தால்தான், பழுதின்போது எடுக்கும் அளவின் பொருள் தெளிவாகும்.

ஆசிரியர்களுக்கு

இப்பாடத்தின் உயிர்நிலையை வகுப்பறையில் எளிதாகக் காட்டலாம். இரண்டு உலர்மின்கலங்கள், ஒரு டார்ச்சு பல்பு, கம்பி, துருப்பிடித்த ஆணி ஆகியவற்றைக் கொண்டு, மின்னோட்டம் துருவின் வழியே செல்லுமாறு ஒரு சுற்று அமைக்க. பல்பைக் கழற்றிவிட்டு ஆணியின் இருபுறமும் மின்னழுத்தத்தை அளக்கச் செய்க, ஒன்றும் காட்டாது. பல்பைப் பொருத்தி மீண்டும் அளக்கச் செய்க, இழப்புத் தோன்றும். மற்றொரு பல்பை முதற் பல்புக்கு இணையாகச் சேர்த்தால் இழப்பு மேலும் கூடும். பளு ஏற்றினாலன்றித் தடை வெளிப்படாது என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வர்.

மிதிவண்டி டைனமோ கிடைக்குமாயின், அதன் உருளையை விளக்கு இணைக்காமலும் இணைத்தும் கையால் சுழற்றச் செய்க. விளக்கை இணைத்தபின் சுழற்றுவது கடினமாவதை விரல்கள் உணரும். விளக்கு போட்டதும் தளர்ந்த பெல்ட் ஏன் கீச்சிடுகின்றது என்ற வினாவிற்கு அதுவே விடை.

மின்சாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை; ஆதலால் அதன் பழுதும் மாயம் போலத் தோன்றுகின்றது. ஆனால் அது எங்கிருந்து புறப்படுகின்றது, எவ்வழியே செல்கின்றது, எங்குச் சேர்கின்றது என்று வரிசையாக அளந்துகொண்டே சென்றால், மாயம் என்று ஒன்றும் எஞ்சுவதில்லை. உறுப்பை மாற்றுவதற்கு முன் அளந்து பார்த்தல் என்னும் இவ்வொரு பழக்கம், பட்டறையில் பொருளைக் காக்கும். கணவாயின் உச்சியில் உயிரையும் காக்கும்.